வேடம் கலைத்த குற்றம்

சாப்பிடப் போனதற்காக ஒருவருக்கு வேலை போகும் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். என் அண்ணிக்கு அப்படித்தான் போனது.

நானும் அண்ணியும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி. புதிதாகச் சேரும் மெக்கானிக்குகளுக்குப் பாடம் எடுப்பது எங்கள் வேலை. பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அணைத்த சுவிட்சில் பூட்டுப் போட வேண்டும். சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டியவர் மேலே வந்து தன் கையால் திறக்கும்வரை முதலாளியே வந்தாலும் அந்தப் பூட்டைத் தொடக் கூடாது. இதை மறந்தால் என்ன ஆகும் என்று அண்ணி சொல்லும்போது முரட்டு ஆட்கள்கூட எச்சில் விழுங்குவார்கள். அண்ணி பாடம் எடுத்த காலத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் சாயங்காலம் முழுசாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

இப்படி நிம்மதியாக இருந்த எங்களை மேம்படுத்த வேண்டும் என்று யாருக்கோ தோன்றிவிட்டது. பயிற்சி கொடுப்பவர்கள் முதலில் பயிற்சி பெற வேண்டுமாம். அதற்கென்றே பயிற்றுநர் மேம்பாட்டு மையம் என்று ஒன்று இருந்தது. அங்கே தேறாதவர்கள் இனிமேல் கரும்பலகை பக்கம் நிற்கக் கூடாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. அண்ணிதான் முதலில் போனார்.

மையத்தில் 'வேடப் பயிற்சி' என்று ஒரு சடங்கு உண்டு. ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்படும் ஊழியராக வேடம் போடுவார், இன்னொருவர் அவரைக் கண்ணியமாக நீக்குவார். நடத்துகிறவர் 'வேடம் கலையட்டும்' என்று சொல்லும்வரை வேடத்திலேயே இருக்க வேண்டும். அண்ணிக்கு நீக்கப்படும் ஊழியர் வேடம். நடத்தியவர் மையத்தின் தலைவர். பாதியில் அவருக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனவர் அண்ணியை அப்படியே மறந்துவிட்டார். மணி அடித்தது, எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அண்ணிக்குச் சர்க்கரை வியாதி. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். நடுங்கத் தொடங்கியதும் எழுந்து போய்ச் சாப்பிட்டார். திரும்பி வந்தபோது தலைவர் அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாராம்.

'வேடம் கலைத்தவர்' என்று தீர்ப்பு வந்தது. மையத்தில் அதற்கு மேல் குற்றம் கிடையாது. அடுத்த வாரமே எங்கள் கம்பெனியின் பணியாளர் நல அதிகாரி அண்ணியைக் கூப்பிட்டு, மையம் கற்றுக்கொடுத்த அதே முறைப்படி புன்னகைத்து, நடுநடுவே மௌனம் காத்து, வேலையை விட்டு நீக்கினார். சாமான்களைப் போட்டுக்கொள்ள ஓர் அட்டைப்பெட்டியைக்கூட முன்னாடியே மடித்து வைத்திருந்தார். நல்ல பயிற்சி பெற்றவர்.

அதிலிருந்து அண்ணிக்கு ஒரு பழக்கம் வந்தது. மத்தியானம் தட்டு முன்னால் உட்கார்ந்ததும் சாப்பிடாமல் எங்கள் முகத்தைப் பார்ப்பார். யாராவது "சாப்பிடுங்க" என்று சொன்னால்தான் கை தட்டுக்குப் போகும். அண்ணனுக்குப் புரியவில்லை. எனக்கு நன்றாகவே புரிந்தது.

பிறகு என் முறை வந்தது. நான் தேறாவிட்டால் பயிற்சிப் பிரிவையே மூடிவிட்டு, மெக்கானிக்குகளுக்கு வீடியோ போட்டுக் காட்டிவிடலாம் என்று கம்பெனியில் பேச்சு.

"நீயாவது வேடத்தை ஒழுங்கா போட்டுட்டு வாம்மா," என்றார் பணியாளர் நல அதிகாரி.

அண்ணி வேறு மாதிரி சொன்னார். "அங்க என்ன சொன்னாலும் தலையை ஆட்டிட்டு வந்துடுடி. உன் வேலையாவது இருக்கட்டும். அந்தப் பசங்களுக்கு வீடியோவைப் போட்டா பூட்டைப் போட மாட்டாங்க."

தலையாட்டும் முடிவோடுதான் போனேன். என்மேல் தப்பில்லை.

மையம் கண்ணாடிக் கதவுகள் போட்ட கட்டடத்தில் இருந்தது. அட்டை காட்டினால்தான் கதவு திறக்கும். வாசலில் ஒரு செக்யூரிட்டி. அவரும் மையத்தின் பயிற்சி பெற்றவர். "வரவேற்கிறேன், உங்கள் வருகையை உணர்கிறேன்" என்றார். உள்ளே போனதும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சீட்டு கொடுத்தார்கள். அதில் பேர் எழுதக் கூடாதாம். நான் 'லிஃப்ட் பயிற்சியாளர்' என்று எழுதினேன். வரவேற்பில் இருந்த பெண் வருத்தமாகப் பார்த்தாள்.

"மேடம், இது நீங்க இப்ப என்னவா இருக்கீங்கங்கறது. நீங்க என்னவா ஆகப் போறீங்கன்னு எழுதணும்."

அப்போது எனக்கு உண்மையாகவே ஓர் ஆசைதான் இருந்தது. 'வீட்டுக்குப் போகப் போகிறவள்' என்று எழுதினேன். அவள் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு ஆழமாக யாரும் எழுதியதில்லை என்று சொல்லி, அதைப் படம் பிடித்துச் சுவரில் மாட்டினார்கள்.

முதல் நாள் முழுக்க நாற்காலிகளை வட்டமாகப் போடுவது எப்படி என்று பயிற்சி. நாங்கள் போட்ட வட்டம் சரியில்லை என்று கலைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள். வட்டம் அமைந்ததும் அதில் உட்காராமல், அதைப் பற்றி எங்கள் உணர்வுகளை ஒட்டுத்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். பிறகு ஒட்டியவற்றைப் பற்றிய உணர்வுகளை எழுதி அவற்றின்மேல் ஒட்டினோம். சாயங்காலத்துக்குள் சுவரே தெரியவில்லை. வட்டத்தில் கடைசிவரை யாரும் உட்காரவில்லை.

என் பக்கத்தில் ஒரு வங்கிக்காரர். வங்கி ஊழியர்களுக்குப் பாடம் எடுப்பவர். கோட்டில் இடமில்லாத அளவுக்கு மையத்தின் பதக்கங்கள், தேறிய படி ஒவ்வொன்றுக்கும் கொடுப்பதாம்.

"நீங்க எந்தப் படி?" என்று கேட்டேன்.

"மூணாம் படி. போன தடவையே முடிச்சேன். அதுக்குள்ள முதல் படி காலாவதி ஆயிடுச்சு. அதான் கீழேர்ந்து திரும்ப வரேன்."

"அப்ப வங்கில பாடம் எடுக்கறது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது வருஷக்கணக்காச்சும்மா. நேரம் எங்க இருக்கு? இங்க வந்துட்டுப் போறதுக்கே சரியா இருக்கு."

தலைவரை மறுநாள்தான் பார்த்தேன். பங்கேற்பாளர்களுக்குள் அவர் பேர் மூச்சு ஐயா. எதைக் கேட்டாலும் "முதல்ல ஒரு மூச்சு எடுத்துக்குவோம்" என்பார். கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்ட ஒருவருக்கும் அதேதான் கிடைத்தது. வெள்ளை உடை, வெறுங்கால், எப்போதும் பாதி மூடிய கண். அவருக்குப் பின்னால் ஒரு துணைத்தலைவி, கையில் தண்ணீர் பாட்டிலோடு. ஐயா எழுந்து போனால் அவருடைய நாற்காலியின் கைப்பிடியைக் கைக்குட்டையால் துடைப்பார். துடைக்கும் விதத்தைப் பார்த்தாலே தெரியும், அந்த நாற்காலிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

ஐயா பேசினார்.

"நான் இதுவரைக்கும் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. பெருமையா சொல்றேன். சொல்லிக் கொடுக்கறது ஒரு வன்முறை. இந்த மையம் ஆரம்பிச்சதுலேர்ந்து இங்க வந்தவங்க யாராவது எதையாவது கத்துக்கிட்டதா எங்களுக்குத் தகவல் இல்லை. ஏன்னா கத்துக்கிட்டவன் திரும்பி வர மாட்டான். நம்ம ஆளுங்க திரும்பத் திரும்ப வராங்க. அதுதான் நம்ம வளர்ச்சி."

வங்கிக்காரர் நெகிழ்ந்து கை தட்டினார்.

நான் கையைத் தூக்கினேன். "ஐயா, எங்க மெக்கானிக்குங்களுக்கு ஒரு தடவை சொல்லிக் கொடுத்தா கத்துக்கணும். இல்லைன்னா செத்துப் போயிடுவாங்க."

"முதல்ல ஒரு மூச்சு எடுத்துக்குவோம்," என்றார் ஐயா. எடுத்தோம். விட்டோம். "சாவுங்கறதும் ஒரு பயிற்சி முடிவுதான்," என்றார். துணைத்தலைவி அதைக் குறித்துக்கொண்டார்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். தலையாட்டும் வேலையில் எனக்குக் கழுத்து பழகிவிட்டிருந்தது. மூன்றாம் நாள்தான் அந்த வீடியோவைப் போட்டார்கள்.

வேடத்தின் புனிதம் பற்றிய வகுப்பு அது. எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு உதாரணம் என்றார் ஐயா. திரையில் ஒரு காலி அறை, நடுவில் நாற்காலி, அதில் ஓர் அம்மா. முகத்தை மறைத்திருந்தார்கள். ஆனால் மடியில் இருந்த கைப்பையை மறைக்கவில்லை. அந்தப் பையின் ஜிப் அறுந்தபோது தைத்துக் கொடுத்தவள் நான். ஆள் இல்லாத அறையில் அண்ணி உட்கார்ந்திருந்தார். கதவைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு கையையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்படியும் அவை நடுங்கின. கடைசியில் எழுந்து, நாற்காலியைச் சத்தம் வராமல் தள்ளிவிட்டு, வெளியே போனார்.

அறையில் சிரிப்பு எழுந்தது. ஐயா கையை உயர்த்தி அடக்கினார்.

"சிரிக்காதீங்க. பரிதாபப்படுங்க. ஒரு வேளைச் சோத்துக்காகத் தன் வளர்ச்சியை விட்டுட்டுப் போற மனுஷி இது. வேடத்துல இருக்கறவங்க, நடத்தறவர் சொல்ற வரைக்கும், கடவுளே வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது. உள்ள விட்டவர்தான் வெளிய விடணும். இந்த விதியை எழுதினவன் நான். எனக்கும் இதுல விலக்கு கிடையாது."

விதியைக் கேட்டதும் எனக்கு எங்கள் பூட்டு ஞாபகம் வந்தது. அதன் பிறகு நான் தலையாட்டவில்லை. கவனமாகப் பாடம் கேட்கத் தொடங்கினேன். அந்த மையத்தின் சரித்திரத்திலேயே அவ்வளவு அக்கறையாகக் கேட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

கடைசி நாள் தேர்வு. ஒவ்வொருவரும் ஒரு பயிற்சியை நடத்திக் காட்ட வேண்டும். அன்றைக்கு விருந்தினர்கள் வருவார்கள். ஆட்களை அனுப்பும் கம்பெனிகளின் தலைகள், மையத்தின் நிர்வாகக் குழுவினர், எங்கள் பணியாளர் நல அதிகாரி எல்லோரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்ததும் எழுந்து நின்றேன்.

"நான் எடுத்துக்கிட்டது கண்ணியமான பணிநீக்கம். இதுக்கு வேடம் போட ஒருத்தர் வேணும். இங்க இருக்கறதுலேயே பெரியவர் போட்டாத்தான் அந்த வேடத்துக்கே மரியாதை. ஐயா மனசு வைக்கணும்."

நான் வைத்த ஐஸுக்கு அவருக்குச் சளியே பிடித்திருக்க வேண்டும். கண்ணை மூடியபடி எழுந்து வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"விருந்தினர்களுக்காக விதியை ஒருதரம் சொல்லிடுங்க ஐயா."

சொன்னார். கடவுளே வந்தாலும், விலக்கு கிடையாது என்பது உட்பட, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். முன்வரிசை தலையை ஆட்டியது.

"நன்றி ஐயா. வேடம் ஆரம்பிக்குது. நீங்க ஒரு பயிற்சி மையத்தோட தலைவர். இன்னியோட உங்களை வேலையிலேர்ந்து நிறுத்தறோம்."

ஐயா ஒரு கணம் கண்ணை முழுசாகத் திறந்தார். பிறகு சிரித்தார். "பிரமாதம். ஏன் நிறுத்தறீங்க?"

நான் மையத்தின் முறைப்படி மௌனம் காத்தேன். அவர் சிரிப்பு மெல்லக் குறைந்தது. விருந்தினர்கள் அதை ரசித்தார்கள்.

"நான்தான் இந்த மையத்தை உருவாக்கினவன்," என்றார்.

"முதல் கட்டம், மறுப்பு," என்று வங்கிக்காரர் பலகையில் எழுதினார். வேலை போகிறவர் கடக்கும் கட்டங்கள் என்று மையம் போட்ட பட்டியல் அவருக்கு அத்துப்படி.

"என்னை நிறுத்த உனக்கு என்ன தகுதி இருக்கு?"

"ரெண்டாம் கட்டம், கோபம்."

முன்வரிசையில் கைதட்டல். அவ்வளவு தத்ரூபமாம். நான் கொண்டு வந்திருந்த ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவருடைய தண்ணீர் பாட்டில், கண்ணாடிக்கூடு, மேசைமேல் இருந்த சின்ன மணி எல்லாவற்றையும் பொறுமையாக உள்ளே அடுக்கினேன். கழுத்தில் தொங்கிய வாசல் அட்டையைக் கேட்டுக் கையை நீட்டினேன். பார்வையாளர்கள் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தார்.

"சரிம்மா, அருமையா பண்ணிட்டே. போதும்," என்றார்.

"மூணாம் கட்டம், பேரம்," என்றார் வங்கிக்காரர்.

"இல்லப்பா, நான் நிஜமாவே சொல்றேன். போதும். நான் எழுந்திருக்கறேன்."

அவர் எழுந்திருக்கப் போனார். நான் பேச வேண்டிய அவசியம் வரவில்லை. துணைத்தலைவி பின்னாலிருந்து, தேன் வடியும் குரலில் சொன்னார்.

"ஐயா. வேடத்தைக் கலைக்கறீங்க."

ஐயா நிர்வாகக் குழுவைப் பார்த்தார். அவர்கள் இவரைப் பார்த்தார்கள். ஐயா உட்கார்ந்துவிட்டார்.

அதே நேரத்தில் சாப்பாட்டு மணி அடித்தது. "எல்லாரும் சாப்பிட்டு வரலாம்," என்றேன்.

போனார்கள். நானும் போனேன். சாப்பாட்டுக்கூடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவில் கண்ணாடிதான். நான் ஐயா தெரிகிற மாதிரி ஓர் இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். கதவைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி இல்லை என்று முன்னாடியே விசாரித்து வைத்திருந்தேன். நான் பழிவாங்க வந்தவள், கொலை செய்ய வந்தவள் இல்லை. நான் இரண்டாம் முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான சாப்பாட்டை அதற்கு முன்னும் பின்னும் நான் சாப்பிட்டதில்லை.

மத்தியானம் நிறைவு விழா. தலைவர் வேடத்தில் இருப்பதால் விழாவை நடத்த ஆள் வேண்டும் என்று நிர்வாகக் குழு கூடிப் பேசியது. நீக்கப்பட்ட ஒருவரைக் கொண்டு சான்றிதழ் கொடுக்க வைப்பது வேடத்தைக் கலைப்பதாகும் என்று துணைத்தலைவி விளக்கினார். அவரையே தற்காலிகத் தலைவியாக்கினார்கள். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பிடியைத் துடைக்கவில்லை. என் சான்றிதழில் 'சிறப்பு' என்று போட்டுக் கையெழுத்திட்டார்.

"இந்த மையத்துல நடந்ததுலேயே உயிருள்ள பயிற்சி இதுதான்," என்றார் எங்கள் பணியாளர் நல அதிகாரி, கண்ணைத் துடைத்தபடி.

மையத்தின் முறைப்படி, நீக்கப்பட்டவரை வாசல்வரை கண்ணியமாக வழியனுப்ப வேண்டும். எல்லோரும் இரண்டு வரிசையாக நின்று கைதட்டினோம். ஐயா வெறுங்காலோடு, அட்டைப்பெட்டியோடு நடுவில் நடந்தார். கண்ணாடிக் கதவு அவருக்குப் பின்னால் மூடியது. கூடப் போனவள் நான் மட்டும்தான்.

வாசலில் அவர் திரும்பினார். முகத்தில் பழைய சாந்தம் ஒரு துளி இல்லை. "அம்மா, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிடும்மா. உனக்குப் புண்ணியமா போகும்."

"சொல்றேன் ஐயா. முன்னாடி ஒண்ணு கேக்கணும். நீங்க வேடத்துல உட்கார வெச்சுட்டு மறந்துபோன ஒரு அம்மா. கை நடுங்கி எழுந்துபோய்ச் சாப்பிட்டாங்களே. அவங்களை ஞாபகம் இருக்கா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"எந்த அம்மா?" என்றார்.

வருகிற குழுவுக்கெல்லாம் அண்ணியின் வீடியோவைப் போட்டுக் காட்டுகிற மனிதர். ஆமாம் என்று சொல்லியிருந்தால், பொய்யாகவாவது சொல்லியிருந்தால், 'வேடம் கலையட்டும்' என்று நான் சொல்லியிருப்பேன்.

"முதல்ல ஒரு மூச்சு எடுத்துக்குங்க ஐயா," என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனேன்.

மறுநாள் அவர் மையத்துக்கு வந்திருக்கிறார். வாசல் அட்டை இல்லை. செக்யூரிட்டி "உங்கள் வருகையை உணர்கிறேன்" என்று சொல்லிவிட்டு வழியை மறித்து நின்றார். விதியை மீறி உள்ளே நுழைந்தால் தானே எழுதிய புத்தகப்படி தான் குற்றவாளி. விதியே தப்பு என்று சொன்னால் இத்தனை வருஷம் கொடுத்த சான்றிதழெல்லாம் தப்பு. பாவம், யோசித்துப் பார்த்து வெளியிலேயே நின்றுவிட்டார். புதிய தலைவி இதை வீணாக்கவில்லை. 'நெடுங்கால வேடம்' என்று நான்காம் படி ஒன்றைத் தொடங்கிவிட்டார். பங்கேற்பாளர்கள் கண்ணாடிக்கு உள்ளே வரிசையாக நின்று ஐயாவைக் கவனித்து, ஒட்டுத்தாளில் உணர்வுகளை எழுதி ஒட்டுகிறார்கள். வங்கிக்காரர்தான் முதல் ஆளாகச் சேர்ந்தாராம்.

புதிய தலைவி இன்னொன்றும் செய்தார். பழைய தலைவர் கொடுத்த தீர்ப்புகளையெல்லாம் ரத்து செய்தார். நியாயத்துக்காக இல்லை, பழையவர் போட்டது எதுவும் இருக்கக் கூடாது என்பதற்காக. எப்படியோ, வேடம் கலைத்த குற்றம் அண்ணியின் தலையிலிருந்து இறங்கியது. பணியாளர் நல அதிகாரி அதே புன்னகையோடு வந்து, அதே மௌனங்களோடு, அண்ணியை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்.

"அந்தப் பெட்டியைத் திருப்பித் தரணுமா சார்?" என்று மட்டும் அண்ணி கேட்டார்.

நேற்று புது மெக்கானிக்குகளுக்கு அண்ணி பாடம் எடுத்தார். பூட்டைப் போட்டுக் காட்டி, சாவியைப் பைக்குள் போட்டு, "யார் திறக்கணும்?" என்று கேட்டார். "பூட்டினவங்க," என்று மொத்த வகுப்பும் சொன்னது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நானும் சேர்ந்து சொன்னேன்.

வகுப்பு முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது என் போன் அடித்தது.

"யாருடி அது?" என்றார் அண்ணி.

"மூச்சு ஐயா. தினமும் கூப்பிடறார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லணுமாம்."

அண்ணி போனைப் பார்த்தார். அது மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அண்ணி யார் முகத்தையும் பார்க்கவில்லை. தன் டப்பாவைத் திறந்து, முதல் வாயை எடுத்து வைத்து, நன்றாக மென்று விழுங்கினார்.

"சாப்பிடற நேரத்துல என்ன போன் வேண்டிக் கிடக்கு," என்றார். "இருக்கட்டும். சாப்பிட்டு முடிச்சுட்டுப் பாக்கலாம்."

இரண்டு பேரும் மெதுவாகச் சாப்பிட்டோம்.